பிராக் நகரின் ஆற்றங்கரை ஸ்மெதனா அருங்காட்சியகம்: இசை தெரியாதவர் போய்ப் பார்க்கலாமா?

கேள்வி கேட்டவர் மே மாதம் மூன்று நாள் பிராக் போகிறார். கூடவே வயலின் கற்றுக்கொண்டிருக்கும் பத்து வயது மகள். சார்லஸ் பாலத்துக்குப் பக்கத்தில், ஆற்றை ஒட்டி, ஒரு பெரிய செக் இசையமைப்பாளருக்கு அருங்காட்சியகம் இருப்பதாகக் கேள்விப்பட்டிருக்கிறார். அது த்வோர்ஷாக்குடையதா, அதற்கு அரை நாள் ஒதுக்கலாமா என்று கேட்டுவிட்டு, கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: "எங்களுக்கு மேற்கத்திய இசை அவ்வளவாகத் தெரியாது, கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பழைய காகிதங்களைப் பார்த்து என்ன செய்யப்போகிறோம்?" உண்மையான கேள்வி அந்தக் கடைசி வரிதான் என்று எனக்குப் படுகிறது. போகலாமா வேண்டாமா என்பதற்கு ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் இசைக்குறிப்பு படிக்கத் தெரியாத ஒருவருக்கு அங்கே என்ன கிடைக்கும் என்பதைக் கொஞ்சம் விரித்துத்தான் சொல்லவேண்டும்.

நான் வயோலா வாசிப்பவன், வயலினைவிடச் சற்றுப் பெரிதான, தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் தந்தி வாத்தியம் அது. படிக்கிற காலத்தில் சில ஆண்டுகள் பிராகில் இருந்தேன். அதன்பிறகு பல ஆண்டுகளாக இசைக்குழுக்களிலும் நால்வர் குழுக்களிலும் இந்த இசையமைப்பாளரை வாசித்து வருகிறேன். அதனால் அவர் இசையைப் பற்றி ஓரளவு உறுதியாகப் பேசமுடியும். அருங்காட்சியகத்தின் உள்ளமைப்பைப் பற்றி நான் சொல்வது நான் போய்ப் பார்த்த காலத்தைப் பொறுத்தது. காட்சிகளை அவ்வப்போது மாற்றுவார்கள். அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் ஆள் யார் என்பதைத் தெளிவாக்கிவிடலாம். ஆற்றங்கரையில் இருப்பது பெட்ர்ஷிக் ஸ்மெதனாவின் அருங்காட்சியகம். த்வோர்ஷாக்கின் அருங்காட்சியகம் ஆற்றைவிட்டு விலகி, 'அமெரிக்கா' என்று அழைக்கப்படும் 18-ம் நூற்றாண்டுச் சிறு மாளிகை ஒன்றில் இருக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாத சுற்றுலாப் பயணியை நான் அரிதாகத்தான் பார்த்திருக்கிறேன். ஸ்மெதனா 1824-ல் பிறந்தவர், த்வோர்ஷாக் 1841-ல். பிராகின் தற்காலிகத் தேசிய அரங்கில் ஸ்மெதனா இசைக்குழுவை நடத்தியபோது, அதே குழுவில் வயோலா வாசித்துக்கொண்டிருந்த இளைஞர்தான் த்வோர்ஷாக். உலக அளவில் இன்று த்வோர்ஷாக்கின் பெயர் பெரிது. செக் மக்களிடம் கேட்டால், தங்கள் இசைக்கு அடித்தளம் போட்டவர் என்று ஸ்மெதனாவைத்தான் சொல்வார்கள். இந்த இருவரில் யார் பெரியவர் என்று 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே பெரிய சண்டையே நடந்திருக்கிறது. ஸ்மெதனா கட்சியின் தளபதி ஸ்தெனெக் நெயெட்லி. பின்னாளில் கம்யூனிஸ்ட் அரசில் கல்வி அமைச்சராக இருந்தவர். ஸ்மெதனாவின் வாழ்க்கை வரலாற்றைப் பாகம் பாகமாக எழுதித் தள்ளினார், ஆனால் கதாநாயகன் இருபது வயதைத் தொடுவதற்குள் எழுத்து நின்றுவிட்டது. பக்தி அளவு மீறினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

அடுத்தது கட்டடம். சார்லஸ் பாலத்தின் பழைய நகரப் பக்கத்தில், பாலத்துக்குச் சற்று மேலே, ஒரு குறுகிய நிலத்துண்டு ஆற்றுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். நோவோட்னேஹோ லாவ்கா என்று பெயர். ஒரு காலத்தில் மாவு அரைக்கும் நீராலைகள் இருந்த இடம். அதன் நுனியில் நிற்கும் அழகான கட்டடத்தைப் பார்த்ததும், இசையமைப்பாளர் இங்கேதான் ஜன்னலோரம் உட்கார்ந்து ஆற்றைப் பார்த்து எழுதியிருப்பார் என்று யாருக்கும் தோன்றும். அப்படி இல்லை. அது 1883-84-ல் நகரத்துக்குத் தண்ணீர் இறைத்துக் கொடுக்கக் கட்டிய நீரேற்று நிலையம். ஸ்மெதனா 1884 மே 12-ம் தேதி இறந்துபோனார். அவர் அங்கே வாழவும் இல்லை, வேலை செய்யவும் இல்லை. 1936-ல்தான் அது அவருடைய அருங்காட்சியகம் ஆனது, இப்போது தேசிய அருங்காட்சியகத்தின் ஒரு பிரிவாக இருக்கிறது. வெளிச்சுவரில் சுண்ணாம்புப் பூச்சைச் சுரண்டி வரைந்த ஓவியங்களைக் கவனியுங்கள். 1648-ல் சுவீடன் படை பாலத்தைத் தாண்டி வராமல் நகர மக்கள் தடுத்த போரைக் காட்டுபவை அவை. இளம் வயதில் பிராகில் பிழைப்பு சரியாக அமையாமல் ஸ்மெதனா வேலை தேடிப் போனது சுவீடனின் யோத்தெபோர்க் நகரத்துக்கு. 1856 முதல் 1861 வரை அங்கேதான் பியானோ கற்றுக்கொடுத்தும் பாடகர் குழுவை நடத்தியும் காலம் தள்ளினார். சுவரில் சுவீடன்காரர்களை விரட்டுகிறார்கள், உள்ளே இருப்பவருக்குச் சோறு போட்டதும் அதே சுவீடன்காரர்கள்தான். இதை வழிகாட்டிகள் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

உள்ளே போனால் பெரிதாக எதையும் எதிர்பார்க்காதீர்கள். இது சிறிய இடம். நிதானமாகப் பார்த்தாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகாது. கையெழுத்துப் பிரதிகள், கடிதங்கள், பியானோ, புகைப்படங்கள், ஓபரா மேடைகள் தொடர்பான படங்கள், சொந்தப் பொருட்கள் சில. நான் பார்த்த அமைப்பில் ஒரு நல்ல யோசனை இருந்தது. இசைக்குழு உட்கார்ந்திருப்பதுபோல இசைக்குறிப்புத் தாங்கிகளை வரிசையாக நிறுத்திவைத்திருந்தார்கள். எதிரே குழுவை நடத்துபவர் நிற்கும் மேடை. அங்கே நின்று, ஒளி பாய்ச்சும் கோலை ஏதாவது ஒரு தாங்கியை நோக்கி நீட்டினால் அந்தப் படைப்பு ஒலிக்கத் தொடங்கும். பெரியவர்கள் கூச்சப்பட்டுத் தள்ளி நிற்பார்கள், குழந்தைகள் இறங்கவே மாட்டார்கள். உங்கள் மகள் போகும்போதும் அது இருந்தால் உங்கள் ஒரு மணி நேரத்தில் பாதியை அவளே எடுத்துக்கொள்வாள். பெரிய ஜன்னல்கள் வழியே ஆறும், அக்கரைக் கோட்டையும், சார்லஸ் பாலமும் தெரியும். அந்தக் காட்சிக்காகவே டிக்கெட் வாங்குபவர்கள் உண்டு, அதில் தப்பொன்றும் இல்லை.

சரி, இப்போது உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். அந்தக் காகிதங்கள் இசை தெரியாதவருக்கு எப்படிப் பேசும்? ஒரே ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டு உள்ளே போனால் போதும் என்பது என் கருத்து: அங்கே இருக்கும் புகழ்பெற்ற பக்கங்களில் பலவற்றை எழுதியவருக்குக் காது கேட்காது. 1874-ம் ஆண்டு அவருக்கு வயது ஐம்பது. கோடையில் காதில் இரைச்சல் தொடங்கியது. இலையுதிர் காலத்தில் ஒரு காது போனது, பிறகு மற்றொன்று. அக்டோபர் 20-ம் தேதியோடு காது கேட்பது முழுக்கவே நின்றுவிட்டது. அரங்கில் நடத்துநர் வேலையை விடவேண்டியதாயிற்று. 'விஷெஹ்ராத்' என்ற படைப்பை நவம்பர் 18-ல் முடித்தார். இரண்டு நாள் கழித்து, நவம்பர் 20-ல், அடுத்ததைத் தொடங்கினார், டிசம்பர் 8-ல் முடித்தார். அதுதான் 'வல்தாவா', நீங்கள் ஜன்னல் வழியே பார்க்கப்போகும் அந்த ஆற்றைப் பற்றிய இசை. காது போய் ஒரு மாதம்தான் ஆகியிருந்தது, எழுதி முடிக்க மூன்று வாரம்கூட ஆகவில்லை. தேதிகள் எல்லாம் அவர் கையாலேயே பதிந்தவை, இதில் சந்தேகத்துக்கு இடமில்லை.

அதற்குப் பிந்திய வாழ்க்கை அத்தனை கம்பீரமானது இல்லை. வெளிநாட்டு மருத்துவர்களைப் பார்க்க வூர்ஸ்பர்க்குக்கும் வியன்னாவுக்கும் போனார். செலவுக்குப் பழைய மாணவர்கள் கச்சேரி வைத்துப் பணம் திரட்டினார்கள். பலன் ஒன்றும் இல்லை. அவர் ஓபராக்களைத் தொடர்ந்து நடத்தும் உரிமைக்கு ஈடாக அரங்கம் ஆண்டுக்கு 1,200 குல்டன் தருவதாக ஒப்புக்கொண்டது, ஆனால் அந்தப் பணம் நேரத்துக்கு வராது. 1876-ல் பிராக் வாழ்க்கையைச் சமாளிக்கமுடியாமல், யாப்கெனிட்சே என்ற கிராமத்தில் வன அதிகாரியாக இருந்த மருமகனின் வீட்டுக்கே குடிபெயர்ந்தார். மகள் வீட்டில் அடைக்கலம் என்றுதான் சொல்லவேண்டும். கடைசிச் சில வாரங்களில் மனநிலை முற்றிலும் குலைந்து, பிராக் மனநல விடுதியில் சேர்க்கப்பட்டு அங்கேயே இறந்தார். 1881-ல் தேசிய அரங்கம் அவருடைய 'லிபுஷே' ஓபராவோடுதான் திறக்கப்பட்டது. அந்த இரவுக்கு அவருக்கு முறையான அனுமதிச் சீட்டுகூட அனுப்பவில்லை. பிறகுதான் இயக்குநரின் தனி மாடத்தில் உட்காரவைத்தார்கள். கூடியிருந்த கூட்டம் கைதட்டியது, அவருக்கு அது கேட்கவில்லை. இரண்டு மாதத்தில் அந்த அரங்கம் தீப்பிடித்து எரிந்தது. 1883 நவம்பரில் மறுபடி கட்டித் திறந்தபோதும் அதே 'லிபுஷே'தான்.

வயோலாக்காரன் என்பதால் ஒரு படைப்பைப் பற்றி நான் கட்டாயம் சொல்லியாகவேண்டும். 1876-ல் எழுதிய முதல் ஸ்ட்ரிங் குவார்டெட், அதாவது இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ வாசிக்கும் நால்வர் இசை, 'என் வாழ்க்கையிலிருந்து' என்று அவரே பெயர் வைத்தது. தொடக்கத்திலேயே வயோலா தனியாக எழுந்து பேசும். எங்கள் வாத்தியத்துக்கு இப்படி ஒரு வாய்ப்பு அரிதாகத்தான் கிடைக்கும், அதனால் எல்லா வயோலாக்காரர்களுக்கும் ஸ்மெதனா மேல் ஒரு தனிப் பிரியம். 1878-ல் ஒரு வீட்டில் நண்பர்களுக்கு மட்டும் முதல்முறை வாசித்துக் காட்டியபோது அந்த வயோலாவை வாசித்தவர் வேறு யாருமில்லை, த்வோர்ஷாக். அதற்கு முன்பு பிராகின் அறையிசைச் சங்கம், வாசிக்க ரொம்பக் கஷ்டம் என்று அதைத் திருப்பியனுப்பியிருந்தது. கடைசிப் பகுதி குதூகலமாக ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று எல்லாம் நின்றுபோகும். கீழே மற்ற மூவரும் நடுங்கிக்கொண்டிருக்க, முதல் வயலின் மிக உயரத்தில் 'ஈ' என்ற ஒரே ஸ்வரத்தை நீட்டிப் பிடித்துக்கொண்டிருக்கும். தன் காதில் கேட்ட சீழ்க்கை அதுதான் என்று அவரே கடிதத்தில் விளக்கியிருக்கிறார். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. நோய் தொடங்கியபோது உண்மையில் அவர் காதில் கேட்டதாகக் குறித்துவைத்தது ஒற்றை ஸ்வரம் இல்லை, மாலை நேரங்களில் ஒலித்த ஏ-ஃப்ளாட் மேஜர் கூட்டொலி. குவார்டெட் 'ஈ'யை ஆதார ஸ்வரமாகக் கொண்ட ஈ மைனர் ஸ்கேலில் இருப்பதால் கலைக்கு ஏற்றபடி 'ஈ' ஆக்கியிருக்கிறார். தன் நோயையே சுருதி மாற்றி எழுதியிருக்கிறார் மனிதர். போகும் முன் இந்தக் கடைசிப் பகுதியை மட்டுமாவது உங்கள் மகளுக்குக் கேட்கக் கொடுங்கள், இசை இலக்கணம் எதுவும் தேவையில்லை. அதைக் கேட்டுவிட்டுப் போனால் அந்தக் காகிதங்கள் வெறும் காகிதமாகத் தெரியாது.

காது ஏன் போனது என்று கேட்டால் இங்கே உறுதி முடிந்து சந்தேகம் தொடங்குகிறது. சிஃபிலிஸ் நோய்தான் காரணம் என்பது நெடுங்காலமாகச் சொல்லப்பட்டுவரும் விளக்கம். பிரேதப் பரிசோதனையையும், ஒரு நூற்றாண்டு கழித்து எலும்புகளை எடுத்து ஆராய்ந்ததையும் அதற்கு ஆதாரமாகக் காட்டுவார்கள். இன்னொரு தரப்பு, சிறுவயதில் வெடிமருந்து வெடித்து முகத்தில் பட்ட காயமும் அதனால் எலும்பில் ஏற்பட்ட நாள்பட்ட அழற்சியுமே காரணம் என்று வாதிடுகிறது. முதல் விளக்கத்தின் பக்கம்தான் ஆதாரம் கூடுதலாக இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது, ஆனால் நான் மருத்துவன் இல்லை. இந்த விஷயத்தில் இணையத்தில் ஒரே போடாகப் போடுபவர்களை நம்பவேண்டாம்.

இனி ஆறு. 'வல்தாவா' பன்னிரண்டு, பதின்மூன்று நிமிடம்தான். 'மா வ்லாஸ்த்', அதாவது 'என் தாய்நாடு' என்ற ஆறு படைப்புகளின் தொகுதியில் இரண்டாவது. இசை தெரியாதவருக்கும் பிடிபடக்கூடிய கதை அதில் இருக்கிறது, அவரே எழுதிக்கொடுத்த கதைதான். முதலில் இரண்டு ஃப்ளூட்கள் ஒன்றையொன்று துரத்தும், அது ஒரு ஊற்று. கிளாரினெட் சேர்ந்துகொள்ளும், அது இரண்டாவது ஊற்று. ஒன்று வெதுவெதுப்பானது, மற்றொன்று குளிர்ந்தது என்று சொல்வார்கள். இரண்டும் சேர்ந்ததும் வயலின்களில் அந்தப் பெரிய மெட்டு எழும். அப்புறம் ஆறு காட்டுக்குள் போகும், ஹார்ன்கள் வேட்டையை அறிவிக்கும். கரையோர ஊர் ஒன்றில் கல்யாணம் நடக்கும், போல்கா தாளம் கேட்கும். இரவாகி நிலா வெளிச்சத்தில் நீர்த்தேவதைகள் வருவார்கள், எனக்கு இதுதான் மொத்தத்திலும் அழகான இடம். பிறகு பாறைகள் மேல் தண்ணீர் மோதிச் சிதறும் பெரும் சத்தம், புனித யோவான் விரைவோட்டம். கடைசியில் பிராகுக்குள் நுழைந்து விஷெஹ்ராத் குன்றைக் கடந்து அகன்று போய்விடும்.

அந்த விரைவோட்டத்தைத் தேடிப் போகாதீர்கள். இன்று அது இல்லை. ஸ்டெஹோவிட்சே என்ற இடத்தில் அணை கட்டி 1940-களில் நீர்த்தேக்கம் நிரம்பியபோது அந்தப் பாறைகள் தண்ணீருக்கடியில் போய்விட்டன. மேலே சமதளமாக ஏரிபோலக் கிடக்கிறது ஆறு. 1874-ல் எந்த செக்காரரும் நேரில் போய்க் கேட்டிருக்கக்கூடிய அந்தச் சத்தம் இன்று இசைக்குழு வாசித்தால்தான் உண்டு. பிராகில் நீங்கள் பார்ப்பதும் தடுப்பணைகளால் அடக்கி வைத்த ஆறுதான். அருங்காட்சியகத்தை ஒட்டியே ஒரு தடுப்பணை ஆற்றின் குறுக்கே சாய்வாக ஓடுகிறது, வாசலில் நின்றால் தண்ணீர் விழும் ஓசை கேட்கும். அருகில் கூட்டமும் காபிக் கடைகளும் போடும் சத்தத்தையும் சேர்த்துத்தான் கேட்டாக வேண்டும். முன்னால் அவருடைய சிலை ஒன்று உட்கார்ந்த நிலையில் இருக்கிறது, 1984-ல் வைத்தது. பெரும்பாலானோர் அதில் சாய்ந்துகொண்டு பாலத்தைப் படமெடுப்பார்கள்.

அந்தப் பெரிய மெட்டு எங்கிருந்து வந்தது என்பதும் உங்களுக்கு யாராவது சொல்லக்கூடிய கதை, அதனால் முன்கூட்டியே எச்சரித்துவிடுகிறேன். 17-ம் நூற்றாண்டு இத்தாலிய மெட்டு ஒன்று இதே போல இருக்கிறது. சுவீடனில் வேர்ம்லாந்து பகுதியைப் புகழும் நாட்டுப்பாடல் இதே போல இருக்கிறது. இஸ்ரேலின் தேசிய கீதமும் அப்படியே. செக் குழந்தைகள் பாடும் பூனைப் பாட்டு ஒன்று மேஜரில் இதே ஏற்றம்தான். ஒற்றுமை உண்மை, யார் காதுக்கும் தெரியும். ஆனால் ஸ்மெதனா அதை சுவீடனில் கேட்டு எடுத்துவந்தார் என்றோ, குழந்தைப் பாட்டை மைனருக்கு மாற்றினார் என்றோ சொல்வதற்கு அவர் கைப்பட எழுதிய சான்று எதையும் நான் பார்த்ததில்லை. ஐரோப்பா முழுக்கச் சுற்றித் திரிந்த ஒரு மெட்டுக் குடும்பம் இது என்பதுவரை சொல்லலாம், அதற்குமேல் ஊகம்தான். உங்கள் மகளுக்கு இதில் ஒரு லாபம் உண்டு: ஈ மைனர் ஸ்கேலில் படிப்படியாக ஏறி இறங்கும் மெட்டு என்பதால் வயலினில் முதல் பொசிஷனிலேயே வாசித்துவிடலாம். அவள் ஆசிரியரிடம் கேளுங்கள், ஒரே வகுப்பில் சொல்லிக்கொடுத்துவிடுவார்.

கண்ணாடிப் பெட்டிகளில் இன்னொரு விஷயம் சிலரை முழிக்கவைக்கும். தேசிய இசையின் தந்தை என்கிறார்கள், ஆனால் அவருடைய பழைய கடிதங்களும் நாட்குறிப்பும் ஜெர்மனில் இருக்கின்றன. காரணம் எளிது. அவர் பிறந்த லிதோமிஷ்ல், ஹாப்ஸ்பர்க் பேரரசின் கீழ் இருந்த ஊர். அப்பா அங்கே கோட்டையின் மதுவடிப்பாலையை நடத்தியவர். பள்ளி, அலுவலகம், படித்தவர் பேச்சு எல்லாமே ஜெர்மன். செக் மொழியை ஒழுங்காக எழுதப் பழகியது முப்பத்தைந்து வயதைத் தாண்டி, யோத்தெபோர்க்கிலிருந்து திரும்பும் காலத்தில்தான். ஆரம்பத்தில் எழுத்துப்பிழைகள் நிறைய. அவருடைய எதிரிகள் இதைக் குத்திக்காட்டவும் செய்தார்கள், வாக்னரின் ஜெர்மன் இசைக்கு அடிமை என்றும் சேர்த்துச் சொன்னார்கள். 1866-ல் அரங்கேறிய, செக் கிராமத்துக் கதையான 'விற்கப்பட்ட மணமகள்' ஓபராவை எழுதியவர் மேல் அந்தக் குற்றச்சாட்டு எப்படி ஒட்டியது என்பது எனக்கு இன்றைக்கும் விளங்காத விஷயம்.

என் யோசனை இதுதான்: அருங்காட்சியகத்தை மட்டும் தனியாகப் பார்க்காதீர்கள், ஒரு நடையின் முடிவில் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் விஷெஹ்ராத்தில் தொடங்குங்கள். ஆற்றுக்கு மேலே எழும் பாறைக்குன்று, பழைய கோட்டைச் சுவர்கள், தேவாலயத்தை ஒட்டிய கல்லறைத் தோட்டம். ஸ்மெதனா அங்கேதான் இருக்கிறார், த்வோர்ஷாக்கும் அதே தோட்டத்தில்தான். மேலிருந்து ஆறு வளைந்து நகரத்துக்குள் போவதைப் பார்த்துவிட்டு, இறங்கி வலது கரையோரமாகவே நடந்தால் மூன்று கிலோமீட்டர் சொச்சம். வளைந்து நெளிந்து நிற்கும் அந்த நடனமாடும் வீடு வழியில் வரும், குழந்தைக்குப் பிடிக்கும். அடுத்து ஆற்றுக்கு நடுவே மரங்களோடு ஒரு தீவு, அதில் மஞ்சள் நிற ஜோஃபீன் மாளிகை. 'வல்தாவா' 1875 ஏப்ரல் 4-ம் தேதி முதலில் ஒலித்தது அங்கே. ஆறு படைப்புகளும் சேர்ந்து முழுத் தொகுதியாக 1882 நவம்பர் 5-ல் அரங்கேறியதும் அங்கேதான். கட்டடத்தை அதன்பிறகு 1880-களில் மாற்றிக் கட்டிவிட்டார்கள், அதனால் அதே கூடம் என்று நினைத்து உருகவேண்டாம். தீவை அடுத்து தேசிய அரங்கம். அதற்கு நேரெதிரே முனையில் லாஷான்ஸ்கி மாளிகை, கீழ்த்தளத்தில் பெயர்பெற்ற ஸ்லாவியா காபிக்கடை. 1860-களில் ஸ்மெதனா குடியிருந்தது அந்த மாளிகையில்தான், 'விற்கப்பட்ட மணமகள்' உருவான காலமும் அதுதான். ஆக, அவர் வாழ்ந்த இடம் வேண்டும் என்றால் அருங்காட்சியகத்தைவிட அந்தக் காபிக்கடை வாசல்தான் பொருத்தம். அங்கிருந்து அவர் பெயரிலேயே இருக்கும் கரையோரச் சாலையில் பத்து நிமிடம் நடந்தால் அருங்காட்சியகம் வந்துவிடும். நடக்க முடியாவிட்டால் 17-ம் எண் டிராம் இந்தக் கரையோரமாகவே ஓடுகிறது, கார்லோவி லாஸ்னியே நிறுத்தத்தில் இறங்கினால் போதும். இப்படிப் போனால் ஆறு போகும் அதே திசையில் நீங்களும் போகிறீர்கள்: விஷெஹ்ராத் முதலில், பாலம் கடைசியில். காதில் ஹெட்போனோடு அந்தப் பன்னிரண்டு நிமிடத்தைக் குன்றின் மேல் உட்கார்ந்து கேட்டுவிட்டு இறங்குவது என் வழக்கம்.

மே மாதம் என்றீர்கள். மே 12 உங்கள் மூன்று நாளுக்குள் வருகிறதா பாருங்கள். 'பிராக் வசந்தம்' இசைவிழா 1946-ல் தொடங்கியது. பல பத்தாண்டுகளாக அவர் இறந்த தேதியான மே 12-ல், 'மா வ்லாஸ்த்' முழுத் தொகுதியோடு அது தொடங்குவது வழக்கம். அன்று விஷெஹ்ராத் கல்லறையில் மரியாதை செலுத்துவார்கள், மாலையில் நகராட்சி மாளிகையின் ஸ்மெதனா கூடத்தில் கச்சேரி. கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடித்த 1948-ல் நாட்டைவிட்டு வெளியேறிய இசைக்குழு நடத்துநர் ரஃபேல் குபெலிக், அந்த ஆட்சி விழுந்தபிறகு 1990-ல் திரும்பிவந்து அந்தத் தொடக்கக் கச்சேரியை நடத்தினார். அதன் பதிவு கிடைக்கிறது. எந்தப் பதிவைக் கேட்பது என்று குழம்பினால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். அதைவிட நேர்த்தியாக வாசித்த பதிவுகள் உண்டு, ஆனால் நான் திரும்பத் திரும்பப் போவது அதற்குத்தான். தொடக்க நாள் டிக்கெட் விலை அதிகம், சீக்கிரம் தீர்ந்தும் போய்விடும். மற்ற நாட்களில் சிறு தேவாலயங்களில் சுற்றுலாப் பயணிகளுக்கென்று 'வல்தாவா'வை ஐந்தாறு பேர் வைத்து வாசிக்கும் கச்சேரிகளுக்குத் தெருவில் துண்டுச்சீட்டு நீட்டுவார்கள். எண்பது பேர் வாசிக்க எழுதியதை ஐந்து பேர் வாசித்தால் எப்படி இருக்கும் என்று நான் சொல்லவேண்டியதில்லை. அந்தப் பணத்துக்கு த்வோர்ஷாக் பெயரிலுள்ள கூடம் இருக்கும் ருடால்ஃபினம் கட்டடத்தில் ஒரு சாதாரண நாள் கச்சேரிக்கே போகலாம்.

கடைசியாக நடைமுறை. திறந்திருக்கும் நாளையும் நேரத்தையும் கட்டணத்தையும் நான் எழுதப்போவதில்லை, அவை மாறுகின்றன. கிளம்பும் வாரத்தில் தேசிய அருங்காட்சியகத்தின் இணையதளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். பழைய பயண நூல்களை நம்பிப்போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு வந்தவர்களை எனக்குத் தெரியும். அரை நாள் அருங்காட்சியகத்துக்கே வேண்டாம், மேலே சொன்ன நடையோடு சேர்த்து அரை நாள் என்றால் சரியாக இருக்கும். மகள் நடந்து களைத்துவிட்டால் ஜோஃபீன் தீவில் படகு வாடகைக்குக் கிடைக்கும், முதலில் அதில் ஒரு சுற்று போய்வந்துவிட்டு அருங்காட்சியகத்தை மதியத்துக்குத் தள்ளிப்போடுங்கள். அவளுக்கு இன்னும் ஆர்வம் இருந்து உங்களுக்கு நான்காவது நாளும் கிடைத்தால், ரயிலேறி லிதோமிஷ்ல் போங்கள். அவர் பிறந்த அந்த மதுவடிப்பாலை வீடும், எதிரே யுனெஸ்கோ பட்டியலில் இருக்கும் கோட்டையும் பிராக் நெரிசலில் கிடைக்காத நிதானத்தோடு பார்க்கக் கிடைக்கும்.